ஐம்பது ஆண்டு அரை டாலர்கள்: பிரூஃப் நாணயங்களின் நுணுக்கத்தையும் மெருகையும் ஒப்பிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த ஒருவர், கென்னடி அரை டாலரின் பிரூஃப் நாணயங்களை 1964 முதல் 2014 வரை வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தார். பிரூஃப் என்பது சேகரிப்பாளர்களுக்கென, உருவத்தைச் சுற்றியுள்ள தளம் கண்ணாடிபோல் மின்னுமாறு மெருகேற்றிய அச்சால் அடிக்கப்படும் காசு. அவர் மறைந்த பின் அந்தத் தொகுப்பு அவருடைய மனைவியின் பொறுப்புக்கு வந்தது. வீட்டை விற்றுவிட்டு மகளின் ஊருக்குக் குடிபெயர அந்த அம்மையார் முடிவு செய்திருந்ததால், நாணயங்களை வைத்துக்கொள்வதா விற்பதா என்ற கேள்வி எழுந்தது. மகன் அவற்றை ஒரு வியாபாரியிடம் எடுத்துச் சென்று காட்டினார். வியாபாரி சில நிமிடங்கள் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்று செய்திகளைச் சொன்னார். பழைய காசுகளில் தலைமுடி தெளிவில்லை, அவை தேய்ந்தவை என்பது முதல் செய்தி. 1998ஆம் ஆண்டுக் காசு ஒன்று அமிலம் பட்டுக் கெட்டுப்போனது என்பது இரண்டாவது. 1965, 1966, 1967, 1975 ஆகிய ஆண்டுகள் இல்லாததால் தொகுப்பு குறையுடையது என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் சேர்த்து உலோக மதிப்புக்கு எடுத்துக்கொள்ள அவர் முன்வந்தார்.

மூன்றாவது செய்திதான் குடும்பத்தில் முதலில் கசப்பை உண்டாக்கியது. விடுபட்ட ஆண்டுகளின் காசுகளை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மகன் நம்பினார். மகளுக்கு அந்த ஐயம் தன்மேல் விழுவதாகப் பட்டது. இந்நிலையில் அம்மையார் எங்கள் நாணயச் சேகரிப்பாளர் வட்டத்தை அணுகி, விலை சொல்ல வேண்டாம், இந்தக் காசுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று மட்டும் எழுதித் தந்தால் போதும் என்று கேட்டார். அந்தக் கோரிக்கை மிகச் சரியானது. நிலையை அறியாமல் விலை பேசுவதில் பொருளில்லை.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று அவர் உருவம் தாங்கிய அரை டாலருக்கான சட்டம் கையெழுத்தாயிற்று. தலைப்பக்கத்தைக் கில்ராய் ராபர்ட்ஸும், கழுகுப் பக்கத்தைப் பிராங்க் காஸ்பரோவும் வடித்தார்கள். 30.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் காசு, நாட்டின் இருநூறாம் ஆண்டுக்காக 1975, 1976இல் கழுகுப் பக்கம் மாறியது நீங்கலாக, 2014 வரை அடிப்படை வடிவம் மாறாமல் வெளிவந்தது. ஆனால் அதன் உலோகமும், அதை அடிக்கும் அச்சும், அச்சின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தும் முறையும், அடிக்கப்படும் நாணயச்சாலையும் பலமுறை மாறியுள்ளன. ஒரே முகத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் பார்க்கும்போது தெரியும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த மாற்றங்களிலிருந்து வருபவை. தேய்மானமும் சேதமும் அவற்றில் ஒரு பகுதி மட்டுமே. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே எங்களுக்கு முன்னிருந்த வேலை.

முதல் முடிவு: எதையும் துடைக்கக் கூடாது

மகன் நாணயங்களைக் கொண்டுவரும்போதே வெள்ளியைப் பளபளப்பாக்கும் திரவம் ஒன்றையும் உடன் வாங்கி வந்திருந்தார். மங்கிய காசுகளை அதில் நனைத்து எடுத்தால் வியாபாரி தரும் விலை உயரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆய்வு முடியும்வரை ஒரு காசையும் நனைக்கவோ துணியால் துடைக்கவோ கூடாது என்பதை நாங்கள் முதல் நிபந்தனையாக வைத்தோம். பிரூஃப் நாணயத்தின் மதிப்பு அதன் மேற்பரப்பில் இருக்கிறது. அந்தத் திரவம் வெள்ளியின் மேல் படிந்த கறையை மட்டும் நீக்குவதில்லை. கறையோடு சேர்த்து மிக மெல்லிய ஓர் உலோகப் படலத்தையும் கரைத்துவிடுகிறது. சாதாரணக் காசில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கண்ணாடிபோன்ற தளத்தில் அது ஒளியை மங்கச் செய்யும். துணி வைத்துத் தேய்த்தாலோ, எவ்வளவு மென்மையான துணியானாலும், மயிரிழைக் கீறல்கள் விழும்.

அம்மையார் உடனே ஒப்புக்கொண்டார். மகன் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

பார்த்த முறை

ஒவ்வொரு காசைப் பற்றியும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு, மூன்று பத்திகளில் எழுதுவது என்று தீர்மானித்தோம். அந்த அச்சில் எவ்வளவு நுணுக்கம் செதுக்கப்பட்டிருந்தது என்பது முதல் கேள்வி. அச்சின் மேற்பரப்பு எப்படிப் பக்குவப்படுத்தப்பட்டிருந்தது, அதனால் காசுக்கு என்ன மெருகு கிடைத்தது என்பது இரண்டாவது. நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பின் காசுக்கு என்ன நேர்ந்தது என்பது மூன்றாவது. வியாபாரி சொன்ன "தேய்ந்தது" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றும் கலந்து கிடந்தன.

பார்ப்பதற்கு இருவகை ஒளியைப் பயன்படுத்தினோம். மறைப்பில்லாத ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சுழற்றினால் கீறல்களும் கண்ணாடித் தளத்தின் ஆழமும் தெரியும். ஆனால் அந்த ஒளியில் தலைமுடியின் நுணுக்கத்தை எடைபோட முடியாது, ஏனென்றால் வெண்மை பூத்த உருவம் ஒளியைச் சிதறடிக்கும், வெண்மை இல்லாத உருவம் ஒளியைத் திருப்பி எறியும். ஆகவே நுணுக்கத்தைப் பார்ப்பதற்கு விளக்கின் முன் மெல்லிய வெள்ளைத் தாளைக் கட்டி, ஒளியைப் பரவலாக்கிக்கொண்டோம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதுமானதாக இருந்தது. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் எல்லாக் காசுகளையும் நிறுத்தோம். உறையைத் திறக்க முடியாதவற்றை மட்டும் நிறுக்காமல் விட்டோம்.

கண்டவை: விடுபட்ட ஆண்டுகள்

இது எளிதில் தீர்ந்தது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் நாணயத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, பிரூஃப் நாணயங்கள் அடிப்பதை நாணயச்சாலை நிறுத்தி வைத்தது. 1965, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவற்றுக்குப் பதிலாகச் சிறப்பு நாணயத் தொகுப்புகள் வெளிவந்தன. அவை பிரூஃப் அல்ல. 1975 என்று பொறித்த அரை டாலர் எந்த வகையிலும் கிடையாது. நாட்டின் இருநூறாம் ஆண்டை ஒட்டி 1776, 1976 என இரட்டை ஆண்டு பொறித்த காசுகளே அவ்வாண்டுத் தொகுப்பிலும் இடம்பெற்றன. ஆகவே மறைந்தவர் எதையும் விட்டுவிடவும் இல்லை, வீட்டில் யாரும் எதையும் எடுக்கவும் இல்லை. அறிக்கையின் மற்றப் பகுதிகள் தயாராகும்வரை காத்திருக்காமல் இதை அன்றே குடும்பத்தாரிடம் சொன்னோம். நாணயம் பார்க்க வந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் மனக்கசப்பை நீட்டித்து வைக்க யாருக்கும் உரிமையில்லை.

கண்டவை: எடை

மகன் வீட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, 1964ஆம் ஆண்டுக் காசைவிட 1968ஆம் ஆண்டுக் காசு ஒரு கிராம் குறைவாக இருப்பதைக் கண்டு, பின்னது போலியோ என்று அஞ்சியிருந்தார். அதற்கும் காரணம் உலோக மாற்றமே. 1964இல் 90 விழுக்காடு வெள்ளி, எடை 12.5 கிராம். 1965 முதல் 1970 வரை 40 விழுக்காடு வெள்ளி, எடை 11.5 கிராம். 1971 முதல் செப்பு மையத்தின்மேல் செம்பு-நிக்கல் தகடு பொதிந்தது, எடை 11.34 கிராம். 1992 முதல் வழக்கமான பிரூஃப் காசுகளோடு 90 விழுக்காடு வெள்ளிப் பிரூஃப் காசுகளும் தனித் தொகுப்புகளில் வந்தன.

எல்லாவற்றையும் நிறுத்ததில் வியாபாரி கவனிக்காத ஒன்று வெளிப்பட்டது. இந்தத் தொகுப்பிலிருந்த 1976 காசு 11.5 கிராம் இருந்தது. அவ்வாண்டு சேகரிப்பாளர்களுக்கென 40 விழுக்காடு வெள்ளியில் தனியாக அடிக்கப்பட்ட பிரூஃப் காசு அது. விளிம்பில் செம்புக் கோடு தெளிவாகத் தெரியாததும் இதை உறுதிப்படுத்தியது. மறைந்தவர் உறையில் வெறுமனே "1976" என்று எழுதியிருந்தார்.

கண்டவை: 1964ஆம் ஆண்டின் இரண்டு காசுகள்

ஆய்வின் கடினமான பகுதி இதுவே. அவ்வாண்டுக் காசுகள் இரண்டு இருந்தன. ஒன்று நாணயச்சாலையின் தட்டையான பிளாஸ்டிக் உறையில், மற்ற நான்கு சில்லறைக் காசுகளோடு சேர்ந்து, தொடப்படாமல் இருந்தது. அதன்மேல் ஆவி படிந்த கண்ணாடியைப்போல் மெல்லிய மங்கல் படர்ந்திருந்தது. மற்றது அட்டைச் சட்டத்தில் தனியாக இருந்தது, மிகப் பளிச்சென்று இருந்தது. குடும்பத்தார் எல்லாரும் இரண்டாவதைத்தான் சிறந்த காசு என்று கருதினார்கள். மங்கலாக இருந்த முதல் காசைத்தான் திரவத்தில் நனைக்க மகன் எண்ணியிருந்தார்.

ஒற்றை விளக்கின் கீழே பார்த்தபோது நிலை தலைகீழானது. பளிச்சென்ற காசில் கென்னடியின் கன்னத்திலிருந்து தளம்வரை ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகள் தெரிந்தன. இங்கே ஒரு வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பிரூஃப் காசுகளைப் பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பிரூஃப் அச்சின் தளத்தை நாணயச்சாலை தேய்த்து மெருகேற்றும்போது அச்சில் நுண்ணிய பள்ளக் கோடுகள் விழுவதுண்டு. அவை காசில் மேடாக எழும். அச்சில் உருவம் குழிவாக இருப்பதால் மெருகேற்றும் கருவி அந்தக் குழிக்குள் இறங்குவதில்லை. ஆகவே அந்தக் கோடுகள் உருவத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடும், முகத்தின்மேல் தொடராது. காசை யாரேனும் பின்னாளில் துடைத்ததால் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும், தளத்திலிருந்து உருவத்தின்மேல் தடையின்றி ஏறி இறங்கும், உருவத்தின் மிக உயர்ந்த இடமான கன்னத்திலும் கன்ன எலும்பிலும் அடர்ந்திருக்கும். முதல் வகை காசின் பிறப்போடு வந்தது, குறையன்று. இரண்டாவது வகை சேதம்.

பளிச்சென்ற காசில் இருந்தவை இரண்டாவது வகை. இதைச் சொன்னபோது, கணவர் விருந்தினர் வரும்போதெல்லாம் அந்தக் காசை வெளியே எடுத்து, சட்டைப்பையில் இருக்கும் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டுக் காட்டுவது வழக்கம் என்று அம்மையார் நினைவுகூர்ந்தார். உறையில் இருந்த காசிலோ அச்சு மெருகின் மேடான கோடுகள் சில, எழுத்துகளுக்கு இடையே, உருவ ஓரத்தில் சரியாக நின்றிருந்தன. மங்கல் வெறும் மேற்படிவு. அதன் அடியில் கண்ணாடித் தளம் சிதையாமல் இருந்தது.

அடுத்தது தலைமுடி. 1964 பிரூஃப் காசுகளில் காதுக்கு மேலே முடிக் கோடுகள் அழுத்தமாகச் செதுக்கப்பட்ட ஒரு வகை உண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் அடிக்கப்பட்டது அது. கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்கு அந்த முடியமைப்பு பிடிக்காததால் அச்சு மாற்றப்பட்டது என்று சேகரிப்பாளரிடையே ஒரு செய்தி வழங்குகிறது. அவ்வாண்டு விற்ற 39,50,762 பிரூஃப் தொகுப்புகளில் மிகச் சிறு பங்கே இந்த வகை. மகன் இதைப் பற்றிப் படித்துவிட்டு, 2000களின் காசு ஒன்றை அருகில் வைத்துப் பார்த்து, இரண்டு 1964 காசுகளும் அந்த அரிய வகையே என்று முடிவு செய்திருந்தார். ஒரு வகையில் அவர் கண்கள் பொய் சொல்லவில்லை. 1964 காசில் முடித்திரள் உண்மையிலேயே உயர்ந்தும் கனத்தும் இருக்கிறது. ஆனால் அது அவ்வாண்டுக் காசுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஒரே ஆண்டுக்குள் இருக்கும் இரு வகைகளைப் பிரித்தறிய, அதே ஆண்டின் காசோடுதான் ஒப்பிட வேண்டும். எங்கள் வட்டத்தில் ஒருவரிடம் இருந்த, அரிய வகை என்று சான்று பெற்ற காசோடு ஒப்பிட்டோம். அரிய வகையில் லிபர்ட்டி என்ற சொல்லின் ஐ எழுத்தின் அடியில் இடப்பக்க முனை குறைபட்டிருக்கும். இந்த இரண்டு காசுகளிலும் அது முழுமையாக இருந்தது. இரண்டும் வழக்கமான வகையே.

உறையிலிருந்த காசின் தலைப்பக்கத்தில் முகத்தின்மேல் மெல்லிய வெண்மை பூத்திருந்தது. கழுகுப் பக்கத்தில் அது இல்லை. அந்தக் காலத்தில் அச்சை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நனைத்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கி, பிறகு தளத்தை மட்டும் மெருகேற்றுவார்கள். சொரசொரப்பு தங்கிய குழிவுகளில் அடிபட்ட உருவம் வெண்மையாக வரும். தளமும் உருவமும் இப்படி வேறுபட்டுத் தெரிவதைக் கேமியோ என்கிறார்கள். ஆனால் அச்சு சில காசுகளை அடித்ததுமே சொரசொரப்பு மழுங்கிவிடும். அதனால் 1960களின் பெரும்பாலான பிரூஃப் காசுகளில் முகமும் தளமும் ஒருசேரப் பளபளக்கும். தலைப்பக்க அச்சும் கழுகுப் பக்க அச்சும் வெவ்வேறு நேரத்தில் மாற்றப்படும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் வெண்மை பூத்த காசுகள் இயல்பாகவே உண்டு. தரப்படுத்தும் நிறுவனங்கள் இரு பக்கமும் வெண்மை இருந்தால் மட்டுமே கேமியோ என்று குறிப்பிடுகின்றன.

கண்டவை: 1968 முதல்

1968இல் பிரூஃப் அடிக்கும் வேலை பிலடெல்பியாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. கழுத்துக்குக் கீழே, அந்த நாணயச்சாலையைக் குறிக்கும் எஸ் என்ற எழுத்து தோன்றியது. 1968 முதல் 1970 வரையிலான மூன்று காசுகளில் இரண்டில் வெண்மை மங்கலாகவே இருந்தது. 1970 காசு வீட்டில் வாங்கிய மென்மையான பிளாஸ்டிக் உறையில் பல ஆண்டுகள் இருந்ததால் அதன்மேல் பசைபோன்ற பச்சைப் படிவு ஏறியிருந்தது.

1970களின் தொடக்கத்திலிருந்து பிரூஃப் அச்சுகளுக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கும் முறை நிலைபெற்றது. பூச்சு சொரசொரப்பைக் காத்து நின்றதால், அச்சின் ஆயுள் முழுவதும் வெண்மை குறையாத காசுகள் கிடைத்தன. இந்தத் தொகுப்பில் 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய காசுகள் எல்லாவற்றிலும் கறுத்த கண்ணாடித் தளத்தின்மேல் வெள்ளை முகம் நின்றது. வியாபாரியின் கண்ணுக்குப் பழையவை தேய்ந்தவையாகத் தெரிந்ததற்கு முதன்மையான காரணம் இதுவே என்று கருதுகிறேன். அவர் பார்த்தது மெருகின் வேறுபாடு, ஆனால் சொன்னது நுணுக்கத்தின் குறை.

உண்மையில் நுணுக்கம் எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. உலோகம் வெள்ளியிலிருந்து கடினமான செம்பு-நிக்கலுக்கு மாறிய பிறகு உருவத்தின் புடைப்பு குறைக்கப்பட்டது. பரவலான ஒளியில் 1964, 1980, 2005 ஆகிய மூன்று காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கன்னமும் முடியும் படிப்படியாகத் தாழ்ந்து வருவது தெரிந்தது. பிந்தைய காசில் முடிக்கோடுகள் தனித்தனியாகக் கூர்மையாக வெட்டப்பட்டிருந்தன, ஆனால் அவற்றுக்கு அடியில் திரட்சி இல்லை. கோடுகளின் கூர்மையை நுணுக்கம் என்று கொள்வதா, வடிவத்தின் திரட்சியை நுணுக்கம் என்று கொள்வதா என்பதில் காசுகளைப் பார்த்த எங்கள் மூவருக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. என் பார்வையில் ராபர்ட்ஸின் சிற்ப வேலை 1964இல்தான் முழுமையாக இருக்கிறது. மற்றொருவர் 2000களின் காசையே மேலென்றார். அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகக் குறித்தோம்.

அச்சை மெருகேற்றுவதே நுணுக்கத்தை அழிக்கவும் கூடும் என்பதையும் குடும்பத்தாருக்கு விளக்கினோம். 1966 சிறப்புத் தொகுப்பின் சில அரை டாலர்களில் காஸ்பரோவின் எஃப்ஜி என்ற முதலெழுத்துகளே காணாமல் போயிருப்பது இதற்குப் பெயர்பெற்ற சான்று. அச்சின் தளத்தை மிகையாகத் தேய்த்தால் ஆழமற்ற பகுதிகள் தேய்ந்து மறைந்துவிடும். காசில் ஒரு வரி இல்லையென்றால் அது தேய்ந்துதான் போயிருக்க வேண்டும் என்பதில்லை, அச்சிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

எஸ் எழுத்தும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இல்லை. அப்போது அது ஒவ்வொரு அச்சிலும் கையால் தனியாகக் குத்தப்பட்டது. குத்தும் உளி தேய்ந்துவிட்டதால் 1979இன் பெரும்பாலான காசுகளில் அது அடைபட்ட கட்டியாக இருக்கிறது. புதிய உளியால் குத்திய தெளிவான எஸ் அவ்வாண்டின் சிறு பகுதியில் மட்டுமே உண்டு. இந்தத் தொகுப்பில் இருந்தது அடைபட்ட வகை. 1985 முதல் பிரூஃப் காசுகளுக்கு அந்த எழுத்து மூல அச்சிலேயே இடப்பட்டதால் இந்த வேறுபாடு ஒழிந்தது.

கண்டவை: "அமிலம் பட்ட" காசு

1998ஆம் ஆண்டில் மூன்று காசுகள் இருந்தன. வழக்கமான பிரூஃப் ஒன்று, வெள்ளிப் பிரூஃப் ஒன்று, அட்டைச் சட்டத்தில் தனியாக ஒன்று. மூன்றாவது காசில் கண்ணாடித் தளமே இல்லை. முகமும் தளமும் எழுத்தும் ஒரே சீரான மணற்பரப்பாக, ஒளியை எங்கும் திருப்பாமல் இருந்தன. வியாபாரி இதைத்தான் கெட்டுப்போனது என்று ஒதுக்கினார்.

அமிலம் தின்ற காசில் விளிம்புகளும் எழுத்து ஓரங்களும் மழுங்கும், எடை குறையும், அரிப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். இந்தக் காசில் எழுத்து ஓரங்கள் கூர்மையாக இருந்தன, எடை 12.5 கிராம் சரியாக இருந்தது, மணற்பரப்பு இரு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. 1998இல், கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியின் நினைவு வெள்ளி டாலரோடு இணைத்து விற்பதற்காக, சான் பிரான்சிஸ்கோவில் பளபளப்பற்ற மெருகில் ஓர் அரை டாலர் அடிக்கப்பட்டது. அதன் எண்ணிக்கை 62,000ஐச் சற்றே தாண்டும். இந்த வரிசையில் மிகக் குறைவாக அடிக்கப்பட்டவற்றில் அது ஒன்று. நாங்கள் பார்த்தது அந்தக் காசே என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதோடு வந்திருக்க வேண்டிய டாலரும் பெட்டியும் எங்கே என்று கேட்டோம். மகள் வீட்டு அலமாரியில் தேடி, பெட்டியை டாலரோடு கண்டெடுத்தார். அரை டாலர் இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது.

கண்டவை: 2014ஆம் ஆண்டின் இரண்டு காசுகள்

ஆண்டை வைத்து நுணுக்கத்தைக் கணிக்க முடியாது என்பதற்கு இந்தத் தொகுப்பிலேயே சான்று இருந்தது. 2014இல் வந்த வழக்கமான தொகுப்பின் எஸ் காசில் தாழ்ந்த புடைப்பு. அதே ஆண்டு ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக வெளியான நான்கு வெள்ளிக் காசுத் தொகுப்பில், பிலடெல்பியாவில் அடித்த பி எழுத்துப் பிரூஃப் காசில் 1964இன் புடைப்பு மீட்டெடுக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே ஆண்டின் காசுகள், முகமோ வேறு. பி காசை 1964 காசின் அருகில் வைத்தபோது மகனுக்கு முதன்முறையாக எல்லாம் விளங்கியது. முடியின் திரட்சி ஒன்றாக இருந்தது, மெருகு மட்டும் வேறாக இருந்தது. அதுவரை நாங்கள் சொற்களால் விளக்க முயன்ற வேறுபாட்டை அந்த இரண்டு காசுகளும் காட்டிவிட்டன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மங்கல் படிந்த 1964 காசை அப்படியே விடுவதென முடிவாயிற்று. மங்கல் பரவும் அறிகுறி இல்லை. உறையைப் பிரித்தால் தொகுப்பின் முழுமை போய்விடும். அதைத் தரப்படுத்தும் நிறுவனத்துக்குச் சான்றுக்கு அனுப்புவதையும் வேண்டாம் என்றோம். ஒரு பக்க வெண்மைக்குக் கேமியோக் குறிப்பு கிடைக்காது, வழக்கமான 1964 பிரூஃப் ஏராளமாகக் கிடைப்பதால் கட்டணத்துக்கு ஈடாக எதுவும் கூடாது.

1970 காசின் பச்சைப் படிவை மட்டும் நீக்கினோம். அது கறையன்று. உறையின் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த பொருள். விட்டால் உலோகத்தை மேலும் அரிக்கும். கலப்பில்லாத அசிட்டோனில் காசை அமிழ்த்தி, தேய்க்காமல், இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனால் அலசி எடுத்தோம். அசிட்டோன் வெள்ளியோடு வினைபுரியாது என்பதால் தளத்துக்கு ஆபத்தில்லை. இதற்கு முன் மகனின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற்றோம்.

1998 பளபளப்பற்ற காசை மட்டும் சான்றுக்கு அனுப்பப் பரிந்துரைத்தோம். விரல் ரேகை பட்டால் அந்தப் பரப்பிலிருந்து அதை நீக்க வழியில்லை என்பதால், விற்பதோ வைப்பதோ எதுவாயினும் அது ஒரு கடினமான உறைக்குள் இருப்பது நல்லது. மேலும், ஒரு வியாபாரி அதைச் சேதம் என்று சொன்ன பின், எங்கள் சொல்லைவிட வெளிச்சான்று குடும்பத்துக்குப் பயன்படும்.

பின் நடந்தவை

சான்றுக்குப் போன காசு, பளபளப்பற்ற சிறப்பு மெருகு என்ற குறிப்போடும் உயர்ந்த தர எண்ணோடும் திரும்பி வந்தது. 1970 காசிலிருந்து படிவு முழுவதும் அகன்றது. ஆனால் படிவு நெடுநாள் தங்கியிருந்த ஓரத்தில் சிறிய மங்கல் நிலைத்துவிட்டது. அந்த அரிப்பைத் திருத்த முடியாது என்று குடும்பத்தாரிடம் முன்பே சொல்லியிருந்தோம்.

எங்கள் அறிக்கையோடு மகன் அதே வியாபாரியிடம் மீண்டும் போனார். வியாபாரி வெள்ளிக் காசுகளைத் தனியாகவும், 1976 காசைத் தனியாகவும் மதிப்பிட்டுப் புதிய தொகை சொன்னார். முந்தைய தொகையைவிட அது கூடுதலாக இருந்தாலும், குடும்பம் முழுத் தொகுப்பையும் விற்கவில்லை. 1971க்குப் பிந்தைய செம்பு-நிக்கல் காசுகளை மட்டும் விற்றார்கள். வெள்ளிக் காசுகளும், 1998 பெட்டியும், 2014 காசுகள் இரண்டும் மகளிடம் சென்றன. துடைத்துக் கீறல் விழுந்த 1964 காசை அம்மையார் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதன் விற்பனை மதிப்பு வெள்ளியின் விலையை ஒட்டியதே என்பது அவருக்குத் தெரியும்.

இனி மாற்றிச் செய்பவை

சேமிப்பு வரலாற்றைக் கேட்பது இனி முதல் படியாக இருக்கும். எந்தக் காசு எந்த உறையில் எத்தனை காலம் இருந்தது, யார் கையில் எடுத்தார்கள், எப்படிக் காட்டினார்கள் என்ற செய்திகள் இந்த நிகழ்வில் ஆய்வின் நடுவில்தான் தற்செயலாக வந்தன. அவை முன்பே தெரிந்திருந்தால் 1964 காசுகளின் ஆய்வு விரைவில் முடிந்திருக்கும்.

வெற்றுப் பெட்டிகளையும் உறைகளையும் சேர்த்துக் கொண்டுவரும்படி தொடக்கத்திலேயே கேட்போம். 1998 காசின் அடையாளம் அந்தப் பெட்டியைக் கண்டதும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. பலர் பெட்டியை வெறும் அட்டை என்று எறிந்துவிடுகிறார்கள்.

ஒப்பிடும் வரிசையையும் மாற்றுவோம். இந்த முறை ஆண்டு வரிசையில் 1964இல் தொடங்கி நகர்ந்தோம். இனி, ஒரே ஆண்டில் இரண்டு காசுகள் இருக்கும் இடங்களை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஆண்டுகளுக்கு இடையே ஒப்பிடுவோம். 2014இன் இரண்டு காசுகளையும் முதலிலேயே மேசையில் வைத்திருந்தால், அச்சும் மெருகும் வெவ்வேறு என்பதைக் குடும்பத்தார் தொடக்கத்திலேயே கண்ணால் கண்டிருப்பார்கள்.

ஒளிப்படங்களை இருவகை ஒளியிலும் எடுத்து, எந்த ஒளியில் எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதிவைப்போம். பரவலான ஒளியில் எடுத்த படத்தில் கீறல் தெரியாது, ஒற்றை விளக்கில் எடுத்த படத்தில் முடியின் திரட்சி தெரியாது. இந்தக் குறிப்பில்லாத படங்களை வைத்து வாங்குபவரும் விற்பவரும் வாதிட்டுக்கொள்வதற்கு முடிவே இராது. எடைப் பத்தியும் எல்லா அறிக்கைகளிலும் இனி கட்டாயம் இடம்பெறும். 1976 காசை உலோக வகையோடு குறித்த புதிய உறையில் இட்டுத்தான் மகளிடம் கொடுத்தோம்.